கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

“அழுக்கா ஏதும் வந்திருக்கா?” என்று கேட்டுக்கொண்டே கோமுரா யசுயோ புத்தகப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விடுகிறார். கோயில் வளாகத்தில் பழைய புத்தகச் சந்தை நடக்கும் நாள். மற்றவர்கள் கிழியாத அட்டை, மங்காத வண்ணம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர் இமாசாத்தோ மேசைக்கடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைக்கிறார். “உங்களுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கேன் சென்செய். சோயா சாஸ் கொட்டினது ரெண்டு, பூனை மூத்திரம் போனது ஒண்ணு.” கோமுரா அந்த மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோய், “பூனை இல்ல, நாய்” என்கிறார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறக்கிறார்.

எந்தப் புத்தகத்தையும் அவர் முன்பக்கத்திலிருந்து திறந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலைக்கூடப் பின்னாலிருந்துதான் படிப்பார். அதனால் கடைக்கு எந்தக் கிழமை விடுமுறை என்பது முதலில் தெரிந்துவிடும். என்ன சாப்பிடுவது என்பது கடைசி வரை தெரியாது. உடன் வந்தவர்கள் பாதி ஊதோன் நூடுல்ஸை முடித்த பிறகு இவருடைய கிண்ணம் வரும்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. ஒசாகாவின் ஓரத்தில், ரயில் கடைசியாக நிற்கும் இடத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இருக்கும் ஒரு சிறு பல்கலைக்கழகத்தில் சித்திரக்கதை கற்பிக்கிறார்; அதனால்தான் எல்லோருக்கும் ‘சென்செய்’, ஆசிரியர். அவர் சேர்ந்த பிறகு துறையின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. நாற்காலி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நாற்பது மாணவர்கள் கண்ணில் ஒளியோடு வந்து உட்காருவார்கள். கோடிக்கணக்கில் விற்கும் தொடர்களைப் பற்றிப் பேசப்போகிறார் என்று நினைப்பு. இவரோ அறுபது வருடத்துக்கு முன் ஆயிரம் பிரதிகூட விற்காத, கறுப்பு மையும் கொலையும் கடனும் மழையுமாக வரைந்து தள்ளிய பிடிவாதக்காரர்களின் புத்தகங்களை மேசைமேல் பரப்பி, “மோந்து பாருங்க” என்பார். மே மாதம் பதினொரு பேர் மிஞ்சுவார்கள்.

இந்தத் துறையில் மூன்று கட்சிகள் உண்டு. கதையைப் பார்ப்பவர்கள் ஒரு கட்சி, கோட்டைப் பார்ப்பவர்கள் ஒரு கட்சி, கட்டத்தைப் பார்ப்பவர்கள் ஒரு கட்சி. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருக்கிற வெள்ளை இடைவெளியைப் பற்றி மட்டும் முந்நூறு பக்கம் எழுதி முனைவர் ஆனவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று நிரூபிக்க அவ்வளவு பக்கம் வேண்டியிருக்கிறது. கோமுரா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் பார்ப்பது புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனவர்களின் கிறுக்கலை.

அந்தப் பழைய சித்திரக்கதைப் புத்தகங்கள் விற்கப்பட்டதைவிட வாடகைக்கு ஓடியதுதான் அதிகம். தெருமுனை வாடகைக் கடையிலிருந்து ஒரு புத்தகம் பட்டறைப் பையனுக்கும், மீன்கடைக் கணக்கருக்கும், மில் விடுதிப் பெண்ணுக்கும் என்று இருநூறு கை மாறும். கை சும்மா இருக்குமா? பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார்கள். பாராட்டு, வசவு, காதல், காலணி அளவு, ‘கொலைகாரன் மாமாதான்’ என்று முன்கூட்டியே போட்டு உடைக்கும் துரோகம். கோமுரா இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பு அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், இருபத்தாறு வருடமாக. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு அட்டைகள், பிஸ்கட் டப்பாக்களில். புகைப்படம் எடுக்கக் கூடாதா என்று கேட்டால் ஒரே பதில்தான்: “போட்டோ எடுத்தா பார்க்கறது நின்னுபோயிடும். கை வலிச்சாதான் கண்ணு வேலை செய்யும்.”

அவருடைய கண் எப்படிப்பட்டது என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். அழுக்குக்கு இப்படி ஒரு கிராக்கி இருப்பதைக் கண்டுகொண்ட ஒருவர், கிறுக்கலே இல்லாத புத்தகம் ஒன்றில் தானே நாலு வரி எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். கோமுரா அரை நிமிடம் பார்த்தார். “விடுதியில மூணு பேருக்கு ஒரு பென்சில். இவ்வளவு கூரா யாரு சீவினா? நீங்களா?” என்று கேட்டார். அந்த மனிதர் அடுத்த மூன்று சந்தைகளில் இவரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வது கோமுராவின் வழக்கம். சொல்லும்போது தூணாகவும் கடைக்காரராகவும் அவரே நடிப்பார்.

ஆனால் அவர் குரல் மாறுவது ‘கி’ பற்றிப் பேசும்போதுதான். ‘முட்டுச்சந்து’ என்ற தொடர். 1958இலும் 1959இலும் பதினொரு தொகுதி வந்து நின்றுபோனது. கிஷிவாதாவில் மூடிப்போன ஒரு வாடகைக் கடையிலிருந்து அந்தப் பதினொன்றும் அவருக்குக் கிடைத்தன; பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்து வைத்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரே கை. ‘மில் விடுதி, எட்டாம் அறை, கி’ என்று கையெழுத்து. முதல் தொகுதியில்: ‘கதை பரவாயில்ல. ஆனா ஆம்பளைக்கு மட்டும் நிழல் விழுது, பொம்பளைக்கு விழல. ஏன்?’ நான்காவதில்: ‘இதுவரைக்கும் ஒன்பது பொம்பளைங்க செத்தாச்சு. ஒருத்திகூட சாகறதுக்கு முன்னாடி சாப்பிடல.’ ஆறாவதில் வேறு யாரோ கொட்டை எழுத்தில் ‘பிடிக்கலன்னா படிக்காதேடி’ என்று எழுதியிருக்க, ஏழாவதில் இவள் பதில்: ‘பத்து யென் குடுத்திருக்கேன். பேசுவேன்.’ பதினொன்றில்: ‘கடைசிப் பக்கத்து மழை நல்லா வந்திருக்கு. இப்பதான் இவருக்குக் கை வந்திருக்கு. நாளைக்கு ஊருக்குப் போறேன். அடுத்ததைப் படிக்கிறவங்க எப்படின்னு எழுதுங்க.’ அடுத்தது வரவே இல்லை.

சித்திரக்கதை விமர்சனம் அறுபதுகளின் கடைசியில், தோக்கியோவின் காபிக் கடைகளில், தாடி வைத்த இளைஞர்களால் தொடங்கப்பட்டது என்பது துறையின் வேதம். அதற்குப் பத்து வருடம் முன்பே நூற்புத் தூசியில் இருமிக்கொண்டு ஒரு பெண் அதைத் தொடங்கிவிட்டாள் என்பது கோமுராவின் கட்சி. கருத்தரங்கில் அவர் இதைச் சொன்னபோது மரியாதையாகச் சிரித்தார்கள். “எல்லாரும் படத்தைப் பார்ப்போம், கோமுரா-சான் அழுக்கைப் பார்ப்பாங்க” என்றார் தோக்கியோவிலிருந்து வந்திருந்த உகாய். அவரும் முப்பது வருடத்துக்கு முன் தாடி வைத்திருந்தவர்தான். “பத்து யென் குடுத்திருக்கேன், உகாய்-சான்” என்றார் கோமுரா. உகாய்க்குப் புரியவில்லை. அதில் கோமுராவுக்கு அன்றைக்கு முழுக்க சந்தோஷம்.

கடைசியில் போன ஆண்டு புத்தகம் போட ஒரு பதிப்பகம் ஒப்புக்கொண்டது. ‘கி’தான் நடு அத்தியாயம், அவள் இல்லாமல் புத்தகம் இல்லை. பதிப்பகத்துக்குப் பின்பக்கங்களின் படம் தேவைப்பட்டது. இருபத்தாறு வருடக் கொள்கையைக் கோமுரா முதல் முறையாக விட்டுக்கொடுத்து, பதினொரு தொகுதிகளையும் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் பிரிவுக்கு அனுப்பினார். கூடவே நான்கு பக்கப் படிவம். படிவம் என்றால் அவருக்கு ஆகாது. பிறர் எழுதிய கடைசி வரியையெல்லாம் எழுத்தெண்ணிப் படிப்பவர், தன் படிவத்தை மட்டும் படிக்க மாட்டார். ‘முன்தயாரிப்பு’ என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ‘தனிக் குறிப்பு உண்டு’, ‘வழக்கப்படி’. வழக்கப்படி என்பதில் குறியிட்டுவிட்டு ஊதோன் சாப்பிடப் போனார்.

ஐந்து வாரத்தில் புத்தகங்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் மெல்லிய தாளில் சுற்றி, நாடா கட்டி, மணப்பெண் சீர் மாதிரி. மேலே ஒரு சீட்டு: ‘பிற்காலத்தில் சேர்ந்த அழுக்குகளை இயன்றவரை நீக்கியுள்ளோம். தாமதத்துக்குப் பொறுத்தருளவும்.’ கோமுரா ஏழாம் தொகுதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வெள்ளை. நான்கைத் திறந்தார். வெள்ளை. பதினொன்றையும் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார், ஏதோ வேறு புத்தகத்தைத் திறந்துவிட்டவர்போல.

டிஜிட்டல் பிரிவில் ஹதா என்பவர் எழுந்து நின்று தலை வணங்கினார். “பின்பக்கமெல்லாம் ரொம்ப மோசமாக் கிறுக்கியிருந்தாங்க சென்செய். தாள் கிழிஞ்சிடக் கூடாதுன்னு மெத்து ரப்பரை வெச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன். மூணு வாரம் ஆச்சு. மணிக்கட்டே போச்சு.” அவர் மணிக்கட்டில் உண்மையிலேயே ஒரு மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. ரயிலில் வரும்போது கோமுரா கோர்த்து வைத்திருந்த வசவுகள் பல. வாயில் வந்ததோ, “ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க. சுத்தமா இருக்கு” என்பதுதான். ஹதா முகம் மலர்ந்து படிவத்தின் நகலை நீட்டினார். வழக்கப்படி என்ற கட்டத்தில் கோமுராவின் குறி நன்றாகக் கறுப்பாக, யாரும் அழிக்காமல் இருந்தது. கோர்த்து வைத்த வசவுகள் திரும்பும் ரயிலிலும் அவர் கூடவே வந்தன. அவற்றைக் கொட்டத் தன்னைத் தவிர வேறோர் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அதிலும் கொடுமை.

பதிப்பகத்துக்காகக் கையெழுத்துப் பிரதியைச் சரிபார்ப்பவர் வேறு யாருமில்லை, உகாய்தான். தொலைபேசியில் அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அட்டையெல்லாம் உங்க கையெழுத்துல இருக்கு, கோமுரா-சான். நான் உங்களை நம்புவேன். அடிக்குறிப்பு நம்பாது.”

“அப்போ அவ இல்லவே இல்லைங்கறீங்களா?”

“இருந்தவதான். காட்ட முடியலைங்கறேன். ரெண்டும் நம்ம தொழில்ல ஒண்ணுதான், உங்களுக்கே தெரியும்.” உகாய் நாள்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. “திங்கக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். ஏதாவது ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் தெரியற மாதிரி இருந்தா அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் நூலகத்தின் சேகரிப்பு அறையில் கோமுரா ஏழாம் தொகுதியை ஜன்னல் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். மில் பெண் அழுத்தி எழுதுகிறவள். சாய்ந்த வெளிச்சத்தில் தாளில் மெல்லிய பள்ளங்கள் தெரிந்தன. அந்த அறையைப் பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொள்ளும் கன்பே-சானைக் கூப்பிட்டுக் காட்டினார். “என்ன எழுதியிருக்கு, படிங்க.” கன்பே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஏதோ கீறல் மாதிரி இருக்கு. எழுத்தாத் தெரியல சென்செய்.” படம் எடுத்தும் பார்த்தார்கள். படத்தில் கீறல்கூடத் தெரியவில்லை.

கன்பே கதவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “தப்பா நினைக்காதீங்க. பள்ளம் அப்படியே இருக்கில்ல? அது மேலயே பென்சிலை ஓட்டினா, எழுதினது அவதானே? நீங்க புதுசா ஒண்ணும் எழுதலையே.”

“ஓட்டற கை என்னோடது.”

“யாரு கண்டா?”

“நான் கண்டுபிடிச்சிடுவேன்” என்றார் கோமுரா.

கன்பேக்குச் சிரிப்பு வரவில்லை. “இருபத்தாறு வருஷம் சென்செய். நான் டீ போட்டுட்டு வர்றேன். பத்து நிமிஷம் ஆகும்.” கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

கோமுரா பென்சிலை எடுத்தார். முனை கூராக இருந்தது. ஒரு துண்டுத் தாளில் தேய்த்துத் தேய்த்து அதை மழுக்கினார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது; தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை. ‘பத்து யென்’ என்பதன் முதல் எழுத்துப் பள்ளத்தில் முனையை வைத்தார். அந்தக் கையெழுத்தின் வளைவும் நெளிவும் அவர் விரலுக்குப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் உகாய் என்ன, எட்டாம் அறைக்காரியே வந்தாலும் தன்னுடையது என்றுதான் சொல்வாள். ஜன்னல் வெயில் பக்கத்தின் மேலிருந்து பாதி விலகும்வரை அவர் முனையை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். அந்த அறைக்குள் பேனா நுழையக் கூடாது. மையைத் தாளிலிருந்து எடுக்க ஹதாவால்கூட முடியாது. கோமுரா வெளியே மாட்டியிருந்த தன் பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து வந்து, பள்ளங்களுக்குக் கீழே, தாளின் மறுபுறம் தடிக்கும்படி அழுத்தி எழுதினார்:

‘அடுத்து எடுப்பவருக்கு. இந்தப் பக்கத்தில் ஒரு பெண் பேசியிருந்தாள். படிவத்தைப் படிக்காமல் அவளை அழிக்கக் கொடுத்தது நான். கோமுரா யசுயோ, வயது 58.’

கன்பே இரண்டு கோப்பைத் தேநீரோடு கதவைத் திறந்தபோது அவர் மை காய ஊதிக்கொண்டிருந்தார். கன்பே பேனாவைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார், கோப்பைகளைப் புத்தகங்களிலிருந்து தள்ளி வைத்தார். கோமுரா ஏழாம் தொகுதியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, “மீதி பத்தையும் எடுங்க” என்று கையை நீட்டினார்.