செருப்பு கட்டிய ரம்புட்டான்

எனக்குக் கல்யாணமான வருடம் வீட்டின் பின்புறம் மாமியார் ரம்புட்டான் பழ விதை ஒன்றைப் போட்டார். மரம் வளர்ந்து ஆண்டுதோறும் பூத்ததே தவிர, ஒரு காய் பிடிக்கவில்லை. ரோஷம் வந்து காய்க்கட்டும் என்று அதில் பழைய செருப்பையும் துடைப்பத்தையும் கட்டித் தொங்கவிட்டார். விருந்தாளிகளை அழைத்துப்போய்க் காட்டி, "இதும் என் மருமவளும் ஒண்ணுதான். மலடு" என்பார்.

குழந்தையில்லை என்று நான் போய்ப் பார்த்த டாக்டர், என் கணவரையும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். "என் மவனுக்கு என்ன கொறச்சல்? அவன் எதுக்குப் போவணும்?" என்று மாமியார் தடுத்துவிட்டார். கணவரும் போகவில்லை.

ஒருநாள் மரக்கன்று விற்க வந்தவர் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, "இது ஆண் மரமாக்கும். எந்தக் காலத்துலயும் காய்க்காது. விதையில முளைச்சா பலதும் இப்பிடித்தான்" என்றார்.

மாமியார் உடனே செருப்பையும் துடைப்பத்தையும் அவிழ்த்தார். "ஆம்பளையா? பாவம், நிக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து நான் காய்க்கிற மரத்தின் ஒட்டுக்கன்று மட்டுமே வாங்குகிறேன். விருந்தாளிகள் வந்தால் நானே மரத்தடிக்கு அழைத்துப்போய், "இது ஆண் மரமாக்கும். கொறை இதுலதான் இருந்துச்சி" என்கிறேன். கணவர் பக்கத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.