கண் திறக்காத விரால்

காலை 5.40. ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், மடியில் வண்ணப்பெட்டி. எங்கள் பக்கத்துக் கண்மாய் மீன்களைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்கு எல்லாப் படங்களும் முடிந்துவிட்டன. அட்டைக்கான விரால் மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அது சிவகாசி அச்சகத்தில் இருக்க வேண்டும்.

முன்பே ஒரு விரால் வரைந்தேன். சந்தையில் உயிரோடு வாங்கி, வீட்டில் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, மூன்று நாள் பார்த்துப் பார்த்து வரைந்தது. மீனை விற்ற மாரியப்பனிடம் காட்டினேன். சிரித்துவிட்டார்.

"யக்கா, இது தொட்டி மீனு. வெள்ளையில விட்டா அதுவும் வெளுத்துத்தான போகும்? கண்மாய்க்கு வாங்க, நெசத்தக் காட்டுதேன்."

6.30. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். பிறகு சுந்தரபாண்டியம் சாலையில் ஷேர் ஆட்டோ. 7.10க்குக் கண்மாய்க் கரை. மாரியப்பனின் அக்கா பேச்சியம்மாள் வலைச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே மாரி, பாத்துக் கூட்டிட்டுப் போ. மீன வரைய வந்தவுக மீனுக்கு இரையாயிறப் போறாக."

இரண்டு லாரி ட்யூப், குறுக்கே ஒரு பலகை. அதுதான் படகு. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை நடுத்தண்ணீரில்தான் மாரியப்பனிடம் சொன்னேன்.

"இப்பச் சொல்றீக!"

கோரைப் புல் ஓரம் துடுப்பை நிறுத்தினார். நீர்மேல் ஒரு முறம் அகலத்துக்குச் செந்நிறம் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள்.

"கீழ அப்பன் காவல் நிக்கான்" என்று கிசுகிசுத்தார். அவர் மடியில் தூண்டில், முள்ளில் தவளை. "ஆபரேசன் ஆன ஒருத்தருக்குப் புண்ணு ஆற விரால் கேட்டிருக்காக. நீங்க வரைஞ்சு முடிங்க, பொறவு தூக்கிருதேன்."

"குஞ்சுக?"

"அப்பன் போனா அம்புட்டுத்தான். அந்தா, நீர்க்காகம் காத்துக் கெடக்கு."

பட்ட கருவேல மரத்தில் ஏழு நீர்க்காகங்கள்.

"நான் முடிக்கிற வரைக்கும் தூண்டில் போடக் கூடாது."

"போட மாட்டேன். பேச்சுன்னா பேச்சு."

கலங்கலில் ஒரு நிழல் தெரிந்தது, மறைந்தது. அதை நம்பி உடலை வரைந்தேன். தூரிகையை நனைக்கத் தண்ணீரில் விட்டேன். குஞ்சுகளுக்கு ஒரு சாண் தள்ளி. தண்ணீர் வெடித்து அப்பன் பாய்ந்தான். பலகை சாய, மாரியப்பன் என் தோளைப் பிடித்தார். தூரிகை போய்விட்டது. ஆனால் பார்த்துவிட்டேன்: முதுகில் பாசி படிந்த கறுப்பு, விலாவில் பழைய பித்தளை, பிளந்த வாய்க்குள் வெளிர்சிவப்பு. தொட்டியில் மூன்று நாள் தேடிக் கிடைக்காத நிறங்கள்.

வேறு தூரிகையால் அவ்வளவையும் தாளில் இறக்கினேன். அவர் தவளையைக் கையில் எடுத்தார். கண்கள் அப்பன் பாய்ந்த இடத்திலேயே இருந்தன.

"முடிஞ்சிருச்சா?"

கண் மட்டும்தான் மிச்சம். தூரிகை அங்கே போகவில்லை.

"கண்ணு தொறக்கல."

எட்டிப் பார்த்தார். "சாமி சிலைக்கும் கடைசியாத்தான் தொறப்பாக. சரி, தொறங்க."

"இங்க இல்ல. வீட்டுல போயித்தான்."

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். தவளையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து மறுபடி மடக்கியது. பிறகு தூண்டிலைச் சுற்றினார்.

"எம் பேச்சுலயே என்னையக் கட்டிப் போட்டுட்டீகளே, யக்கா."

9.15. கரை.

"விரால் எங்கலே?" என்றார் பேச்சியம்மாள்.

"படத்துக்குள்ள இருக்கு. குருடா இருக்கு."

"ஆபரேசன்காரருக்குப் படத்தையா கொழம்பு வைப்பாக?"

மாரியப்பன் தெற்குப் பக்கத்து வலையைப் பார்க்கப் போனார். முகத்தில் கோபம் இருந்தது.

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். முடியவில்லை என்றேன்; முடித்தால் தூண்டில் விழுந்துவிடும். அட்டையில் யாரோ எடுத்த மீன் புகைப்படம் ஏறிவிட்டது. ராஜபாளையத்து வீட்டு மேசையில் கண்ணில்லாத விரால், முற்றத்தில் அந்த வெள்ளைத் தொட்டி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நாட்கள் போயின.

பதினான்காம் நாள் மாரியப்பனின் போன்.

"குஞ்செல்லாம் வளந்து கறுத்துப் பிரிஞ்சு போச்சு, யக்கா. அப்பனும் காவலை விட்டுட்டான். இனிமே தொறங்க."

வெள்ளைத் தொட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் படத்தை வைத்தேன். கண்ணில் ஒரு சொட்டுக் கறுப்பு.