ஃபேனுக்குள் போன மாலை

சிக்னலில் நின்றால் காரின் ஏசி அனலை ஊதியது, ஓடினால் குளிர்ந்தது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. எரிந்திருந்த ஃபியூஸை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன், அதுவும் உடனே எரிந்தது. ஒயரிங் செய்தவனைத் திட்டிக்கொண்டே டார்ச் அடித்தால், ஃபேனின் நடுவில் காய்ந்த அரளியோடு நார் இறுகச் சுற்றிக் கிடந்தது. போன வாரம் காருக்கு மாலை சாத்தி, தொங்கிய நுனியைப் பானட்டுக்குள் செருகியவள் என் மனைவி.

முறைத்தேன். "சரியானா பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கறேன்னு வேண்டிண்டிருக்கேன். சீக்கிரம் அறுங்கோ" என்றாள்.

நாரை அறுத்து இன்னொரு ஃபியூஸ் போட்டதும் ஃபேன் உறுமியது. குளுகுளுவென்று கோயிலுக்குப் போனோம். தேங்காய் நன்றாகச் சிதறியது. அவளோ மறுபடியும் ஒரு மாலையோடு காரை நோக்கி வந்தாள்.

பானட்டை மறித்து நின்றேன். அவள் என் கழுத்தில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். கோயிலைச் சுற்றியுள்ள கிழக்கேகோட்டை முழுக்க மாப்பிள்ளையாகவே ஓட்டினேன்.