அத்தை வயிற்றில் கமரா

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். "ஒண்ணுமில்லப்பா, புண்ணு" என்றேன். ஐந்தாவது மாதம் அப்பா போய்விட்டார்.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் அவருடைய தங்கை, என் அத்தை, நான் அப்படி மறைத்ததை மறக்கவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் அந்த நோய் வரலாம், நோவு தெரியும் முன்பே வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தால் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லத்தான் போனேன்.

"நோவில்லாத வயித்துல கமரா எதுக்கு?" என்றார் அத்தை. "என்னமோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் கூப்பிடுற. ஒங்கப்பனையும் இப்பிடித்தான் கூட்டிட்டுப் போன."

மாமாதான் வழிக்குக் கொண்டுவந்தார். "அவன் பொய் சொல்லுவான் சரி. கமராவும் பொய் சொல்லுமா?"

வெறும் வயிற்றோடு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் தாதியோடு சிங்களத்தில் பேசும்போதெல்லாம் அத்தை என் சட்டைக் கையை இழுத்தார்.

"என்ன கேட்ட?"

"கக்கூஸ் எங்கன்னு."

"அதுக்கு இம்புட்டுப் பேச்சா?"

குழாய் விட்டு, உள்ளேயிருந்து சதைத் துணுக்கெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவுக்கு மூன்று வாரம் கழித்துப் போனோம். டொக்டர் நெடுநேரம் விளக்கினார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெளியே வாங்கில் உட்கார்ந்து அத்தை கிளினிக் அட்டையை விரித்தார். எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். "ஒண்ணுமில்லாதவள அடுத்த வருசம் எதுக்கு வரச் சொல்லியிருக்கு?"

பயந்துவிடுவார் என்றுதான் மறைத்தேன். அப்பாவிடமும் அப்படி நினைத்துத்தான் மறைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புற்றுநோய் இல்ல, அது நெசம். ஆனா வயித்தோட உள்தோல் கொஞ்சம் மாறியிருக்கு. பின்னாடி அது புற்றா மாறினாலும் மாறலாம், மாறாமலும் போகலாம். மாறினா உடனே கண்டுபிடிக்கத்தான் வருசா வருசம் பாக்கணுமாம்."

அத்தை அட்டையை மடித்தார். "இத அங்கயே சொன்னா என்ன?"

பஸ்ஸுக்குப் போகும் வழியில் ஒரு பார்மசிக்குள் நுழைந்து, அங்கே நின்ற தமிழ்ப் பெண்ணிடம் டொக்டர் தந்த அறிக்கையை நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு, பிள்ள?" அந்தப் பெண் வாசித்துச் சொல்லும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொல்றீங்க" என்றபடி வெளியே வந்தார் அத்தை. "அடுத்த வருசமும் நீயே கூட்டிட்டு வா. அந்தப் பிள்ளையும் இங்கதான் இருக்குமாம். கேட்டுக்கிட்டேன்."