அதே பெயரில் இன்னொரு கப்பல்

பழுப்பு நிற அரசாங்க உறை. மூலையில் சின்னதாக ஒரு நங்கூரம். எண்பதுகளில் ஒரு காலை, தபால்காரர் அதை என் கையில் கொடுத்தபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. கடலுக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன உறவு? அந்தத் தெருவில் நங்கூரம் போட்ட கடிதம் வருகிற வீடு எங்களுடையது ஒன்றுதான்.

கடிதம் அக்காவுக்கு. அவள் கணவர், என் மாமா, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொல்லையில் வளர்ந்தவர். ஏரியில் நீந்திய தைரியத்தில் கடற்படைக்குப் போனார். எழுபதுகளின் தொடக்கத்தில், சண்டைக் காலத்தில், அவர் இருந்த கப்பல் முழுகிப்போனது. வந்த தந்தியில் 'இறந்தார்' என்று இல்லை. 'காணவில்லை' என்றுதான் இருந்தது. அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "செத்துட்டாங்கன்னா செத்துட்டாங்கன்னு எழுதியிருப்பாங்க. அவங்களுக்கு எழுதத் தெரியாதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். கணவர் பெயரைச் சொல்லாத வழக்கத்தில் கப்பலின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். அவள் சொல்லாத பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

எனக்கு அப்போது ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஆங்கிலம் என் விரல்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இருந்தாலும் அக்கா முன்னால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு துரை மாதிரி கடிதத்தைப் படித்தேன். கப்பலின் பெயர் இருந்தது. அடுத்த மாதம் கடலில் இறங்குவதாக இருந்தது. அதிகாரிகளையும் மாலுமிகளையும் கௌரவிப்பதாக இருந்தது. நடுவில் 'எர்ஸ்ட்வைல்' என்று ஒரு சொல். எத்தனையோ முறை தட்டச்சு செய்த சொல்தான், அர்த்தம் தெரியாது. கப்பல் பெயருக்கு முன்னால் நின்றதால் நம்மூர் 'திருவாளர்' மாதிரி ஏதோ மரியாதை என்று தாண்டிப்போய்விட்டேன்.

"அக்கா, மாமாவோட கப்பல் அடுத்த மாசம் மறுபடியும் கடல்ல எறங்குதாம். ஆபீசருங்க, ஆளுங்க எல்லாருக்கும் மரியாதை பண்றாங்களாம். உன்னையும் வரச் சொல்லியிருக்காங்க."

"நெஜமாவாடா? வெளையாடாத."

"நான் எப்பவும் வெளையாடறவன்தான். இது கவர்மென்ட் லெட்டரு, இதுல எங்க வெளையாடறது?"

அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து என் ஆங்கிலத்தை நானே மெச்சிக்கொண்டு அலுவலகம் போனேன்.

அங்கே பெரிய கிளார்க்கிடம் கடிதத்தைப் பெருமையாக நீட்டினேன். படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "எர்ஸ்ட்வைல்னா முன்னாடி இருந்தது, இப்ப இல்லாததுன்னு அர்த்தம் தம்பி. இது புதுக் கப்பலு. முழுகிப்போன கப்பலையும் அதுல போன ஆபீசருங்களையும் மறக்கக் கூடாதுன்னு அதே பேரை வெக்கிறாங்க. தாத்தா பேரைப் பேரனுக்கு வெக்கிற மாதிரி." பிறகு, "வீட்ல என்னான்னு சொன்ன?" என்றார். சைக்கிளை எடுத்தேன்.

அக்கா தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அன்று தரையில் விரிந்திருந்தது சட்டைத் துணி. அதன்மேல் மாமாவின் பழைய சட்டையை வைத்து, அளவு குறித்து, வெட்டிக்கொண்டிருந்தாள். பழைய சட்டையைவிட இரண்டு விரல்கடை உள்ளே தள்ளியே கத்தரிக்கோல் போனது.

"கம்மியாத்தான் வெட்டறேன். எத்தினி வருசம், எந்த ஊர்ச் சோறோ. எளச்சிருப்பாங்க."

சிரிக்கவைத்துச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒரு தமாஷ் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தால் அது வரவில்லை. கிளார்க் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

கத்தரிக்கோல் நிற்கவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"பழசு இருக்கும்போதே அதே பேரைப் புதுசுக்கு வெப்பாங்களா?"

"மாட்டாங்கக்கா."

"அப்ப வேற பேரு வெக்கச் சொல்லி எழுது. இந்தப் பேருக்கு ஒடையவங்க இன்னும் ஊடு வந்து சேரலன்னு எழுது. உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே."

கடைசி வரியில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

நான் அதை எழுதவில்லை. அழைப்புக்கு நன்றி, வர இயலவில்லை என்று தட்டச்சு செய்து, நீ சொன்னதுதான் என்று அவளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கடற்படைக்காரர்கள் சிரிப்பார்கள், அக்காவைப் பைத்தியம் என்பார்கள் என்று பிறகு எனக்கே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. இன்று என் பேரன் எந்தச் சொல்லைக் கேட்டாலும் கைபேசியில் அர்த்தம் எடுத்துக் கொடுக்கிறான். இதை மட்டும் அவனிடம் கேட்க வாய் வருவதில்லை.

அடுத்த மாதம் செய்தித்தாளில் புதுக் கப்பலின் படம் வந்தது. நான் ஒளித்துவைப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். படத்தின் கீழே இருந்த பெயர்மீது விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

"பேரை மாத்தலையேடா."

"லெட்டரு வழியில எங்கனா காணாமப் போயிருக்கும்க்கா," என்றேன்.

அவள் தாளை மடித்து வைத்தாள்.

"காணாமத்தானே போச்சி?" என்றாள். "சேர்ந்துடும்டா."