கல்யாணப் பத்திரிகையில் சர்க்கஸ் எழுத்து

பிள்ளைகளா, உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் நடக்க இருந்த கல்யாணம் ஓர் எழுத்தால் நின்றுபோகப் பார்த்தது. அதை என் வாயாலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் அம்மா வீட்டார் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் இருக்கும். புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. சர்க்கஸ், கூத்து நோட்டீஸ்களுக்கென்று மரத்தில் செதுக்கிய பெரிய எழுத்துகள் அங்கே இருந்தன. ‘க’ தொப்பையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ‘ண’வின் சுழிகள் பூரி மாதிரி உப்பியிருக்கும். முன்னால் வளைந்த கொம்போடு எழுதும் அந்தக் காலத்து ‘லை’ நிஜமாகவே தும்பிக்கையைத் தூக்கும். ஒரு வரி கோத்தால் ஒழுங்காக நிற்காமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆடும். தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம்.

அச்சகத்தில் அதைவிட அழகானது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். அதனால் என் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரை அதில்தான் கோத்தேன். பெயர் ‘லை’யில் முடிகிறது வேறு. விடுவேனா?

மூன்றாம் நாள் பெண்ணின் தாய்மாமன் ரெட்டியார்பாளையத்திலிருந்து பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார்.

“மாப்ள, இது கல்யாணமா, சர்க்கஸா?”

“ஏன் மாமா, எழுத்து நல்லா இல்லியா?”

“பத்திரிகை வச்ச வூட்லல்லாம் யானை எத்தினி மணிக்கு வரும்னு கேக்குறானுங்க. எங்க பொண்ணு என்ன, கம்பி மேல நடக்குறவளா? இன்னிக்கே வேற அடிச்சிக் குடு. இல்லன்னா நிச்சயத்தாம்பூலம் திரும்பி வரும், பாத்துக்க.”

மாதிரித் தாளை நீட்டினேன். எங்களிடம் இருந்த ஒவ்வொரு எழுத்து வகையிலும் ‘நல்வரவு’ என்ற ஒரே சொல்லை அடித்து வைத்த தாள் அது. மாமா நிதானமாகப் பார்த்து, மெலிந்து விறைப்பாக நின்ற ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

“இதான் மரியாதையா இருக்கு. இதுலயே போடு.”

அது சாவு அறிவிப்புக்கு மட்டும் நாங்கள் எடுக்கும் எழுத்து. நம் ஊர்ச் சுவர்களில் கறுப்புக் கட்டம் போட்டு ஒட்டுவார்களே, அதற்கு. சொன்னால் கேலி செய்கிறேன் என்பார், கல்யாணம் போச்சு. அதிலேயே கோத்தேன்.

மை காயாத முதல் தாளை முதலாளி எடுத்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது.

“அடடா, யாருப்பா தவறி...”

“முதலாளி, மஞ்சள், மஞ்சள்!” என்று பாய்ந்தேன். பத்திரிகைக்குத் தடவ மாமா கொண்டுவந்திருந்த மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் அப்பினேன். முதலாளியின் சட்டைக்கும் கொஞ்சம் கிடைத்தது.

மாமா தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இப்பதான் பத்திரிகைன்னு சொல்லலாம்.”

கல்யாணம் நடந்தது. நாலைந்து நாள் கழித்து, சோறு போட்டபடி உங்கள் அம்மா கேட்டாள்: “மொதப் பத்திரிகைய ஏங்க மாத்துனீங்க? அதுலதான் எம்பேரு தூரத்துலருந்தே தெரிஞ்சிச்சி.”

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் அச்சகத்தைத் திறந்தேன். மாதிரித் தாளை எடுத்து, அந்த ஆடும் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: ‘சர்க்கஸ், கூத்து. பெண்ணையே கேட்டுக்கொண்டு, கல்யாணம்.’