இயந்திரத்துக்கு விழும் ஏச்சு

"ஆறு மணிக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டு இப்பதான் ஆடி அசைஞ்சு வாறாய், என்ன? உனக்கென்ன, நீ பெரிய துரை!"

யோகராணி ஏசுவது மாப்பிசையும் இயந்திரத்தை. அது நேற்று நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. பிந்தி வந்தவர், கதவோரம் ஈரக் குடையை உதறிக்கொண்டிருக்கும் மாரிசாமி.

"அழாதடா தம்பி," என்று அவர் இயந்திரத்தின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறார். "ரயில் லேட்டானா நீ என்ன பண்ணுவ?"

றோல்ஸ் சுற்றிக்கொண்டிருக்கும் கௌரி சிரிப்பை மறைக்கச் சுவரைப் பார்க்கிறாள்.

ஏவன்டேல் என்ற புறநகரில் பழைய கராஜ் ஒன்றுதான் யோகராணியின் தொழிற்கூடம். இங்கே உருவாகும் சிற்றுண்டிகளான பற்றீசும் றோல்சும் மீன் பணிசும் ஞாயிற்றுச் சந்தைக்கும் டெயரி எனப்படும் சுற்றுவட்டாரத்துச் சிறுகடைகளுக்கும் போகின்றன. யாராவது "முதலாளி" என்று அழைத்தால், தமக்குப் பின்னால் யாரோ நிற்பதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பார். மனிதர் முகத்துக்கு நேரே அவருக்குக் கடுஞ்சொல்லும் வராது. நல்ல சொல்லும் வராது. எல்லாம் சாடைதான். பற்றீஸ் கருகினால் அடுப்புக்கு ஏச்சு. மாவு சிந்தினால் விளக்குமாற்றுக்கு. றோல்ஸ் ஒரே அளவாய் அமைந்துவிட்டால் தட்டுக்குப் பாராட்டு: "நீயெல்லோ கெட்டிக்காரி!" தட்டு சும்மா இருக்கும், கௌரி வெட்கப்படுவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டில், சிறுதொழில் நடத்துவோருக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தார். வேலையாட்களின் கண்ணைப் பார்த்து நேரே பேசுங்கள் என்றாராம் வகுப்பெடுத்த பெண்மணி. மறுநாள் காலை யோகராணி கௌரியின் கண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னக்கா, முகத்திலை ஏதும் ஒட்டியிருக்கோ?"

"ஓம்... மா ஒட்டியிருக்கு," என்றார் யோகராணி, பளிச்சென்றிருந்த அந்த முகத்தை நோக்கி. பயிற்சி அத்தோடு முடிந்தது.

சென்ற வாரம் மாரிசாமிக்கு நகரின் வடக்கே ஆல்பனியிலுள்ள உணவகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. புதிய சமையலறை, கூடுதல் சம்பளம்; வெள்ளி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போய்விட்டால் பொரிக்க ஆளில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, ஏச்சுக்கு மறுமொழி சொல்லவும் ஆளில்லை. வெள்ளிக்கிழமை காலை முழுவதும் யோகராணி எந்தப் பொருளையும் ஏசவில்லை. கராஜ் ஆலயம்போல அமைதியாயிருந்தது. கௌரிக்குப் பயமே வந்துவிட்டது.

மதியத்துக்குமேல் யோகராணியால் தாங்க முடியவில்லை. பணிஸ் மாவைப் பாத்திரத்திலிருந்து வழித்தெடுத்தவர், மணிக்கட்டு வரை மாவோடு பிறிஜ்ஜின் முன்னே போய் நின்றார்.

"போறதெண்டால் போ. உன்ரை கெட்டித்தனத்துக்கு அங்கை ராசா மாதிரி இருக்கலாம். இஞ்சை என்ன கிடக்கு?"

பிறிஜ் உறுமியது. மாரிசாமி எண்ணெய்ச் சட்டியை விட்டுத் திரும்பி, அதனிடமே சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் போகணும்னு ஆசையில்லடா. ஆனா போகாதேன்னு ஒரு ஆளும் சொல்லலையே! உன்கிட்ட சொன்னா எனக்கு எப்படிடா தெரியும்?"

கௌரியின் கையில் றோல் பாதி சுற்றியபடி நின்றது.

யோகராணி பிறிஜ்ஜைப் பார்த்தார், அது உதவிக்கு வரவில்லை. பின்பு மேசையைச் சுற்றி நடந்துவந்து மாரிசாமிக்கு எதிரே நின்றார். காது மடல்கள் சிவந்துவிட்டன.

"மாரிசாமி," என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. "போகாதேங்கோ. நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாது."

வாயாடி மாரிசாமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"சரிக்கா," என்றார், அவர் முகத்தைப் பார்த்தே. "போகல."

அடுத்து என்ன செய்வதென்று யோகராணிக்குத் தெரியவில்லை. சட்டென்று வலக்கையை நீட்டினார். மாரிசாமி அதைப் பற்றிக் குலுக்கினார். குலுக்கி முடிந்தும் மாவு விடுவதாயில்லை. இருவரும் சிரித்துச் சிரித்து இழுக்க, இரண்டு கைகளுக்கும் நடுவே அது நீண்டுகொண்டே போயிற்று.